பேய் இரவுகளுக்கு இடைவெளி வேண்டும்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கும், பேய் இரவுகளை வடிவமைக்கும் கலைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பதினொரு ஆண்டுகளாகத் தங்கள் பூங்காவுக்கு ஆண்டுச் சீட்டு எடுத்து வருகிறேன். ஆண்டுதோறும் ஒரு பருவத்தில், நடிகர்கள் பேய் வேடமிட்டு வருகையாளர்களைப் பயமுறுத்தும் தங்கள் பேய் இரவுகள் தொடங்கியதிலிருந்து ஒரு பருவத்தையும் தவறவிட்டதில்லை. ஒரே பருவத்தில் ஐந்து இரவுகள் வந்ததும் உண்டு. கடந்த பருவத்தின் கடைசி இரவில் எல்லாப் பேய் வீடுகளுக்குள்ளும் போய்விட்டு வெளியே வந்தபோது, ஒரு முறைகூட என் நெஞ்சு படபடக்கவில்லை என்பது உறைத்தது. வயதாகிவிட்டது, பழகிப்போய்விட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அதே நாள் மாலையில், நூறு முறைக்குமேல் ஏறி இறங்கிய தங்கள் பழைய பேய் ரயிலில், இரண்டாவது வளைவை நெருங்கும்போது என் கை தானாகவே இருக்கைக் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. ஆகவே குறை என்னிடம் இல்லை. பேய் ரயிலில் இருக்கும் ஏதோ ஒன்று பேய் வீடுகளில் இல்லாமல் போயிருக்கிறது. அது என்ன என்று பல மாதங்கள் யோசித்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது வளைவில் எதுவுமே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. முதல் வளைவில் ஓர் எலும்புக்கூடு எழுந்து அமர்கிறது. மூன்றாவது வளைவில் ஒரு கதவு அறைந்து திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழப் பத்து விநாடிகள் வெறும் இருட்டு, இரும்புச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உரசும் ஓசை, பழைய பலகைச் சுவரின் புழுக்க வாடை, அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னது அந்தப் பத்து விநாடிகளுக்கு அப்படியே பொருந்தும். வடிவமைப்பாளர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மிச்ச வேலை முழுவதையும் பயணியின் மனம் பார்த்துக்கொள்கிறது. நாற்பது பொம்மைகளை அந்த வளைவில் நெருக்கி நிறுத்தியிருந்தாலும் இந்த அச்சம் கிடைத்திருக்காது.

தங்கள் மர ரோலர் கோஸ்டரிலும் இதே இடைவெளிதான் பாதிச் சுகம். அந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி அதை முதல் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிட, அதன்பின் நடப்பதெல்லாம் புவியீர்ப்பின் வேலை. ஏறும்போது வண்டி பின்னோக்கி வழுக்கிவிடாமல் தடுக்கும் உலோகக் கொக்கிகள், பல்வரிசையில் ஒவ்வொன்றாக விழுந்து எழுப்பும் டக், டக், டக் என்ற ஓசைதான் ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்கு இசை. நியூயார்க்கின் கோனி தீவில் 1927-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சைக்ளோன் முதற்கொண்டு எந்தப் பழைய மரக் கோஸ்டரை எடுத்துக்கொண்டாலும், அந்த ஓசை நிற்கும் கணம்தான் வயிற்றைப் பிசையும் கணம். முன்வரிசையில் அமர்ந்தவர் உச்சியில் ஒரு நொடி அந்தரத்தில் தொங்குவார். கடைசி வரிசையில் அமர்ந்தவர், முன்பெட்டிகள் ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டதால், உச்சியின்மேல் சுண்டி இழுக்கப்படுவார். நான் எப்போதும் கடைசி வரிசைக்காகக் காத்திருப்பவள். பகல் முழுவதும் ஓடிச் சக்கரங்களின் மசகு இளகிய பிறகு, இரவில் அந்த வண்டி காலையில் ஓடியதைவிட வேகமாக ஓடுவதையும் அறிவேன். அப்படிப்பட்ட வண்டியின் ஏற்றத்தில், போன ஆண்டு நான்கு ஸ்பீக்கர்களைப் பொருத்தி, உச்சி வரைக்கும் முரசும் கிட்டாரும் அதிரும் இசையை ஒலிக்கவிட்டிருக்கிறீர்கள். கொக்கியின் ஓசை இப்போது யார் காதிலும் விழுவதில்லை. ஓசை கேட்டால்தானே அது நின்றுபோனது தெரியும்? தயவுசெய்து அந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். இந்த மடலில் உள்ள கோரிக்கைகளில் ஒரு காசும் செலவாகாதவற்றில் இதுவும் ஒன்று என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

இனிப் பேய் வீடுகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அமைத்த 'தையற்காரியின் வீடு' எனக்கு இன்றும் அறை அறையாக நினைவிருக்கிறது. நாங்கள் நால்வர் உள்ளே போனோம். மூன்றாவது அறையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பாட்டி நாற்காலியில் அமர்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். ஊசி துணிக்குள் போய் வரும்போது நூல் இழுபடும் சன்னமான ஓசை கேட்டது. நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவரைக் கடக்க முயன்றோம். பாதி தூரம் போனதும் ஊசி நின்றது. அவர் திரும்பவில்லை, கத்தவில்லை, எழவும் இல்லை. தலையை மட்டும், காது கொடுத்துக் கேட்பவர் போல, ஒரு விரற்கடை சாய்த்தார். என் தோழி என் தோளில் நகம் பதியப் பற்றிய தழும்பு இரண்டு நாள் இருந்தது. அந்த அறையில் எங்களை யாரும் தொடவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. ஓர் ஊசி நின்றது, அவ்வளவே.

சென்ற பருவத்தில் அதே வீட்டை மீண்டும் திறந்தபோது ஆவலோடு முதல் இரவே ஓடி வந்தேன். வாசலில் ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, வெளியே நின்ற வரிசை அப்படியே உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு முதுகுப்பை, அதற்கு முன்னால் இன்னொரு முதுகு, அதற்கும் முன்னால் உயர்த்திப் பிடித்த ஒரு கைப்பேசியின் வெளிச்சம். மூன்றாவது அறையில் பாட்டியின் நாற்காலி காலியாக ஆடிக்கொண்டிருக்க, சுவரின் பின்னாலிருந்து முகமூடி அணிந்த ஓர் இளைஞர் எனக்கு நான்கு பேருக்கு முன்னால் போனவர்மீது பாய்ந்தார். நான் அந்த இடத்தை அடைந்தபோது அவர் தம் மறைவிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முகமூடியின் பின்பக்கப் பட்டை கழுத்தில் வியர்வையோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, ஏறத்தாழ மன்னிப்புக் கேட்கும் குரலில், "நகருங்க, நகருங்க" என்றார். பேயாக வந்தவரை வரிசை ஒழுங்குபடுத்தும் காவலராக மாற்றியது அவருடைய பிழையன்று. ஊர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில் எந்த நடிகராலும் ஐந்தில் ஒருவரைத்தான் பயமுறுத்த முடியும். மற்ற நால்வரும் அந்தப் பயமுறுத்தலை வேடிக்கை பார்த்தவர்களாகவே வெளியேறுகிறார்கள்.

கூட்டம் அதிகம், எல்லோரையும் உள்ளே அனுப்பியாக வேண்டும் என்பதே தங்கள் பதிலாக இருக்கும் என்று அறிவேன். அதை அலட்சியப்படுத்த விரும்பவில்லை. கணக்கையே பார்ப்போம். மீட்டருக்கு ஒருவர், விநாடிக்கு அரை மீட்டர் நடை என்றால், இடைவிடாத வரிசை மணிக்கு 1800 பேரை உள்ளே விடுகிறது. அரை நிமிடத்துக்கு எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு என்றால் 960 பேர். கிட்டத்தட்டப் பாதி குறைகிறது. சிறிய இழப்பு அல்ல. ஆனால் குழுவுக்குப் பத்துப் பேர் என்று வைத்தால் 1200. மிச்சமுள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை, நுழைவு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் முறையாலும், கூட்டம் குறைந்த முதல் ஒரு மணி நேரத்தில் எல்லா வீடுகளையும் திறந்து வைப்பதாலும் ஈடுகட்ட இயலும். அப்படியும் சிலருக்கு ஒரே இரவில் எல்லா வீடுகளையும் பார்க்க வாய்க்காது. நான் அதை ஏற்கிறேன். ஐந்து வீடுகளில் வரிசையாக நகர்ந்து வருவதைவிட, மூன்று வீடுகளில் அரண்டு ஓடி வருவதையே பேய் இரவுக்கு வருபவர்களில் பலர் விரும்புவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரிலுள்ள யூனிவர்சல் பூங்கா 1991-இல் முதன்முதலாக நடத்திய பேய் இரவு நிகழ்ச்சி வெறும் மூன்று இரவுகள்தான். இருந்ததும் ஒரே ஒரு பேய் வீடுதான். இன்று அங்கே பத்து வீடுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். வளர்ச்சி அந்த ஒற்றை வீட்டிலிருந்துதான் தொடங்கியது.

ஆயிரக்கணக்கானோரை அனுப்பிக்கொண்டே ஒவ்வொருவரையும் தனிமையில் விடுவது இயலாத காரியமும் அல்ல. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்ட பேய் மாளிகை அதைத்தான் செய்துகாட்டியது. அங்கே வண்டிகள் நிற்பதே இல்லை; ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாக ஓயாமல் நகர்கின்றன. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் சிப்பி போல உயர்ந்து வளைந்த முதுகு உண்டு. வடிவமைப்பாளர் எந்தப் பக்கம் பார்க்க வைக்க விரும்புகிறாரோ அந்தப் பக்கம் வண்டியே திரும்பிக்கொள்ளும். முன்னால் போகிறவரின் தலையும் தெரியாது, பின்னால் வருகிறவரின் முகமும் தெரியாது. அங்குள்ள நடனக்கூடத்தில் ஆவிகள் ஊடுருவித் தெரியும்படி சுழன்றாடுவது, 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிப் புகழ்பெறச் செய்த கண்ணாடி உத்தியால்தான்: பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய கண்ணாடி, மறைவில் ஒளியூட்டப்பட்ட உருவங்கள், அவற்றின் பிரதிபலிப்பு. நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய அந்த உத்தி இன்றும் எடுபடக் காரணம், பார்ப்பவர் அதனருகே போக முடியாதபடி தூரத்தை விட்டு வைத்திருப்பதே. தங்கள் பேய் வீடுகளின் நடைபாதையில் ஒரே ஒரு கூடுதல் வளைவும், ஒரு கறுப்புத் திரையும் இருந்தாலே முன்னால் போகும் முதுகு மறைந்துவிடும். அதற்குத் தேவைப்படுவது கொஞ்சம் மரப்பலகையும் கறுப்புத் துணியும் மட்டுமே.

எவ்வளவு பயம் போதும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. டென்மார்க்கின் வைலே நகரில் இயங்கும் ஒரு பேய் வீட்டில், வருகையாளர்கள் 110 பேருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி ஆய்வாளர்கள் 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை, மிகுந்தாலும் இன்பம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில்தான் இன்பம் உச்சத்தைத் தொடுகிறது என்பதே அவர்கள் கண்டது. இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், சத்தத்தைக் கூட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் மகிழ்ச்சி கூடும் என்ற எண்ணத்தில்தான் சென்ற பருவத்தின் எல்லா அறைகளும் அமைக்கப்பட்டிருந்தன. காது அடைத்துப்போனதுதான் மிச்சம்.

வகை குறைந்துபோனதையும் சொல்ல வேண்டும். அச்சம் எவற்றால் பிறக்கும் என்று கேட்டால், தமிழ் இலக்கண மரபு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத சக்தி, கொல்லும் மிருகம், வழிமறிக்கும் கொடியவன், தண்டிக்கும் அதிகாரம் என்று இன்றைய சொற்களில் விரித்துக்கொள்ளலாம். சென்ற பருவத்தின் ஐந்து வீடுகளில் நான்கு கள்வரின் வீடுகளே: கத்தி, கோடரி, முகமூடி, சங்கிலி கழற்றப்பட்ட மர ரம்பத்தின் உறுமல். ரம்பத்தின் ஓசையும் பெட்ரோல் வாடையும் முதல் தடவை எவரையும் துள்ள வைக்கும்; ஒரே இரவில் நான்காவது தடவை அது வெறும் இயந்திரம். அணங்கின் வீடு ஒன்றுகூட இல்லை. இறையின் வீட்டை எந்தப் பூங்காவும் முயன்று நான் பார்த்ததில்லை. பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்க வைக்கும் ஒரு விசாரணை மண்டபத்தைக் கற்பனை செய்து பாருங்கள். வரிசையில் நிற்பதே அங்கே பயமாகிவிடும்!

ஐந்தாவது வீடு மனநல மருத்துவமனை. அதை அடுத்த பருவத்தில் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2016-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா இத்தகைய பின்னணி கொண்ட ஒரு மெய்நிகர் நிகழ்ச்சியை, மனநலத்துக்காகக் குரல் கொடுப்போரின் எதிர்ப்புக்குப் பிறகு மூடியது. நோயுற்று மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரும் அவருடைய குடும்பத்தாரும் அந்த வரிசையில் நிற்கக்கூடும். அவர்களைப் பேயாகக் காட்டிப் பிழைக்க வேண்டிய அளவுக்குத் தங்கள் கலைக் குழுவின் கற்பனை வறண்டுவிடவில்லை என்பதற்குத் தையற்காரியின் வீடே சாட்சி.

வீடுகளுக்கு வெளியே, திறந்தவெளியில் நடிகர்கள் பயமுறுத்தும் பகுதிகளைப் பற்றிக் குறைகூற எனக்கு அதிகம் இல்லை. தரையில் முழங்கால் கவசங்களோடு வழுக்கிக்கொண்டு, கையுறையின் உலோக முனைகளிலிருந்து தீப்பொறி பறக்கப் பாயும் நடிகர்கள் மிகச் சிறப்பாகச் செய்கிறார்கள். 1973-இலிருந்து பேய் இரவுகளை நடத்திவரும் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் பிறந்த கலை அது. ஓடிவர அவர்களுக்கு இருபது அடி வெற்றிடம் தேவைப்படுகிறது; அந்த வெற்றிடத்தை நாமும் பார்க்கிறோம்; யாரை நோக்கி வருகிறார் என்பது கடைசி நொடி வரை தெரிவதில்லை.

அந்த நடிகர்களில் ஒருவரைத் தனியே பாராட்டியாக வேண்டும். என் அக்காள் மகள் ஒன்பது வயதுக்காரி. வர வேண்டும் என்று அடம்பிடித்து வந்தவள், புகைக்கு நடுவே ஓர் ஓநாய் மனிதரைக் கண்டதும் கால் நகராமல் நின்றுவிட்டாள். அவர் அதைக் கவனித்தார். வேடத்தைக் கலைக்காமல், உறுமலை மட்டும் மெல்லத் தணித்து, அவளைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிச் சுவரோரமாகப் போய்க் குந்திக்கொண்டார், ஒரு நாய் வழிவிடுவதைப் போல. அவள் அவரைக் கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். பயத்தை எப்போது நிறுத்துவது என்று அறிந்தவரே அந்தக் கலையில் தேர்ந்தவர். அவரைப் போன்றவர்களை ஒரு பருவத்தோடு இழந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறும் ரப்பர் முகமூடிக்குள் ஓர் இரவில் ஆயிரம் முறை பாய்கிறவருக்கு, மாற்று நடிகரோடு முறைவைத்து அடிக்கடி ஓய்வு கொடுங்கள். குழுக்களுக்கு நடுவே இடைவெளி வந்துவிட்டால், அவர் மூச்சு வாங்க அந்த அரை நிமிடமும் சேர்ந்து கிடைத்துவிடும். பயமுறுத்தப்படுவதை விரும்பாதவர்கள் அணிந்துகொள்ள ஒளிரும் கழுத்துமாலை கொடுக்கும் வழக்கம் வேறு சில பூங்காக்களில் உண்டு; அதைக் கண்டால் நடிகர்கள் அணுகுவதில்லை. அதையும் பரிசீலியுங்கள்.

பழைய பேய் ரயிலுக்கு வருகிறேன். பருவம் முடிந்ததும் அதன் வாசலில் பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளதாக ஒரு பலகை மாட்டப்பட்டது. திறக்கும் நாள் அதில் இல்லை. அதன் இடத்தில் பெரிய திரையோடு கூடிய புதிய சவாரி வரப்போகிறது என்று ரசிகர்களிடையே பேச்சு அடிபடுகிறது. திரைச் சவாரிகளுக்கு நான் எதிரி அல்லேன். ஆனால் திரையில் வரும் பேய் எப்போது வரும், எங்கே வரும் என்பது முதல் சவாரியோடு தீர்ந்துவிடுகிறது. பேய் ரயிலின் இரண்டாவது வளைவு நூறாவது முறையும் தீரவில்லை. மின்கம்பிகளை மாற்றுங்கள், பலகைகளை மாற்றுங்கள், பொம்மைகளைக்கூட மாற்றுங்கள். அந்த வளைவில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

இதுவரை எழுதியவை எல்லாம் ரசனை சார்ந்தவை. தாங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஒன்று மட்டும் அப்படிப்பட்டதன்று. சென்ற பருவத்தின் இரண்டாம் வாரத்தில், ஒரு பேய் வீட்டின் நான்காவது அறையில், அவசர வெளியேற்றக் கதவின் மேலிருந்த பச்சை விளக்கைக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததைக் கண்டேன். துணியின் நான்கு மூலைகளும் பின் அடித்துச் சுவரில் பொருத்தப்பட்டிருந்தன. ஓரத்தில் நூல் பிரிந்த இடத்தில் மட்டும் பச்சை ஒளி கசிந்தது. இருட்டு கெடக்கூடாது என்ற அக்கறையில் யாரோ செய்தது என்பது புரிந்தது. வெளியே வந்ததும் பணியிலிருந்த ஊழியரிடம் சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனபோது அதே துணி, அதே பின்கள், நூல் மட்டும் இன்னும் கொஞ்சம் பிரிந்திருந்தது.

1979 ஜூன் 9 அன்று சிட்னியின் லூனா பூங்காவில் பேய் ரயில் தீப்பிடித்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் பேய்க் கோட்டையில் எட்டு இளவயதினர் இறந்தார்கள்; அந்தக் கட்டடத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை, புகை எச்சரிக்கைக் கருவியும் இல்லை. பேய் வீடு என்பது வழி தெரியாமல் இருப்பதற்காகவே கட்டப்படுவது. சுவர்கள் கறுப்பு, பாதை வளைந்து வளைந்து போகும், அலறல் கேட்டால் யாரும் உதவிக்கு ஓடி வர மாட்டார்கள், செயற்கைப் புகைக்கும் உண்மைப் புகைக்கும் முதல் சில நொடிகளில் வேறுபாடு தெரியாது. மற்றெந்தக் கட்டடத்தையும்விட அங்கேதான் அந்தப் பச்சை விளக்கு தேவைப்படுகிறது. அது அறையின் இருட்டைக் கெடுக்கிறது என்றால், வடிவமைப்பாளர்கள் விளக்கை அல்ல, அறையை மாற்றி அமைக்க வேண்டும். கதவை ஒரு வளைவுக்குள் ஒதுக்கி, நடந்து வருபவர் கண்ணில் நேராகப் படும்படியும் நடிகரின் மறைவிடத்தில் ஒளி விழாதபடியும் செய்வது தங்கள் குழுவுக்கு அரிய வேலை அல்ல.

இந்த ஆண்டும் சீட்டைப் புதுப்பித்துவிட்டேன். முதல் இரவே வருவேன், தனியாக அல்ல, இப்போது பத்து வயதாகிவிட்ட அக்காள் மகளோடு. ஸ்பீக்கர்களையும் குழுக்களையும் பேய் ரயிலையும் பற்றித் தங்கள் சௌகரியம் போல யோசித்துப் பதில் எழுதுங்கள். எத்தனை மாதமானாலும் காத்திருக்கிறேன். அந்தத் துணியை மட்டும் முதல் இரவுக்கு முன்பாகக் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் அமரும் தங்கள் நெடுநாள் ரசிகை